மரம் அடர்ந்த நகரப் பூங்காவில் காகமும் அணிலும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. எப்போது போவது, எங்கே உட்காருவது?

தளிர்நடை:

பழைய மரங்கள் நிறைந்த, கூட்டம் குறைவான நகரப் பூங்கா. நடைபாதையில் எத்தனை சுற்று வந்தாலும் காகமும் அணிலும்தான் தென்படுகின்றன. மேலே விதவிதமான குரல்கள் கேட்கின்றன, குரலுக்கு உரியவரைத்தான் காணோம். ஒரு பக்கம் முழுக்கச் சாலை. இரைச்சல் உள்ளே வரை வருகிறது. எந்த நேரம் நல்லது, எங்கே உட்கார்ந்தால் சத்தம் குறையும், பைனாகுலர் அவசியமா? கண்ணாடி அணிபவருக்கு எது ஒத்துவரும்? கொசுவுக்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.

வேர்த்தடம்:

முதலில் சுற்றுவதை நிறுத்துங்கள். ஆள் நடந்து வந்தாலே பறவைகள் குரலை அடக்கிக்கொண்டு கிளையின் மறுபக்கம் ஒதுங்கிவிடும். ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்ட வேலையைத் தொடரும். பெரும்பாலோர் அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான் சலித்து எழுந்துவிடுகிறார்கள். அரை மணி நேரமாவது கொடுங்கள்.

இடம் முக்கியம். மரக்கூட்டத்தின் நடுவில் உட்காராதீர்கள்; அங்கே எல்லாமே தலைக்கு மேல் உயரத்தில் நடக்கும், கழுத்து வலிதான் மிஞ்சும். மரங்கள் முடிந்து புல்லோ நீரோ தொடங்கும் ஓரத்துக்குப் போங்கள். அங்கே வெளிச்சம் விழும், புதர் இருக்கும், பூச்சி இருக்கும், அவற்றைத் தின்ன வருபவையும் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அடிமரமோ புதரோ இருந்தால் உங்கள் உருவம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது. வெயிலும் முதுகுப்பக்கம் இருக்கட்டும், அதாவது காலையில் மேற்கு பார்த்து, மாலையில் கிழக்கு பார்த்து. இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

உட்காரும் முன் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினாலோ, அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ அந்த மரத்தடி வேண்டாம். காற்று பலமாக அடிக்கும் நாளில் எந்தப் பெரிய மரத்தடியும் வேண்டாம்.

நேரம் என்றால் சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம். வெயில் முதலில் படுவது உச்சிக் கிளைகளில். பூச்சிகள் அங்கேதான் முதலில் அசையத் தொடங்கும், ஆகவே தொடக்கத்தில் உச்சியைக் கவனியுங்கள். பட்டாம்பூச்சிக்கு அவ்வளவு சீக்கிரம் போய்ப் பயனில்லை, உடல் சூடேறிய பிறகுதான் அவை பறக்கும்.

தரையையும் படியுங்கள். பழம் உதிர்ந்து கிடந்தால் மேலே பந்தி நடக்கிறது என்று பொருள். ஒரே மரத்தடியில் வெள்ளை எச்சக் கோடுகளும், முடியும் எலும்பும் கலந்த விரல் நீள உருண்டைகளும் கிடந்தால் ஆந்தை பகலில் அங்கே தங்குகிறது. தள்ளி நின்றே பாருங்கள். அடிக்கடி கலைத்தால் இடத்தை விட்டுப் போய்விடும்.

அலைநீளம்:

இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாகனம் தொடர்ந்து ஓடும் சாலையின் சத்தம், தூரம் இரட்டிப்பாகும்போது ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறையும். 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு நகர்ந்தாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுவே மரம் இருப்பதை நம்ப வேண்டாம். இலைகள் கீச்சென்ற ஒலியை ஓரளவு சிதறடிக்கும். லாரியின் தாழ்ந்த உறுமல் அப்படியே ஊடுருவி வரும். மேடு, சுவர், பள்ளம் இவைதான் உண்மையில் உதவுபவை. உட்கார்ந்த நிலையில் சாலை பார்வைக்கு மறைந்துவிட்டால் அதிலேயே ஏறத்தாழ 5 டெசிபல் போய்விடும். உயரமான பெஞ்சைவிட மேட்டின் மறுசரிவில் புல்லில் உட்காருவது மேல்.

காற்றின் திசையையும் பாருங்கள். உங்களிடமிருந்து சாலையை நோக்கிக் காற்று வீசினால் சத்தம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். காற்றில்லாத விடியலில் இதற்கு நேர்மாறு. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பும் இருப்பதால் ஒலி கீழே வளைந்து வெகுதூரம் வரும். அதற்கு வாகனம் குறைந்த விடுமுறைக் காலையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

குரல் கேட்க இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துத் தலையை மெல்லத் திருப்புங்கள். எதிரில் உள்ள ஒலி ஓங்கும், பின்னாலிருக்கும் சாலை தணியும். மெல்லிய உயர்ந்த சுருதிகளைத் தேடிக் கேளுங்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்து 2003இல் வெளியான முடிவு இது: இரைச்சல் மிகுந்த இடத்தில் இருப்பவை, தாழ்ந்த சுருதியைத் தவிர்த்து உயர்த்திப் பாடுகின்றன.

சிறகோசை:

வேர்த்தடம் சொன்ன அரை மணி நேரம், புதிதாகத் தொடங்குபவருக்கு அதிகம் என்பது என் கருத்து. இருபது நிமிடம் போதும். ஆனால் எப்போதும் அதே இடத்தில். இடம் பழகினால்தான் மாற்றம் கண்ணில் படும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42, எடை வேண்டாமென்றால் 8x32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் அகலம் மி.மீ.இல். 10x வேண்டாம்: கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறுகும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x42க்கு 5.25 மி.மீ., சட்டைப்பையில் அடங்கும் 8x25க்கு 3.1 மி.மீ. மரநிழலில் கண்மணி விரிந்திருக்கும்போது 8x25 மங்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். கண்ணாடி அணிபவர் 'ஐ ரிலீஃப்', அதாவது முழுக் காட்சியும் தெரியும்படி கண்வில்லையிலிருந்து கண் தள்ளியிருக்கக்கூடிய தூரம், 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள்.

பலர் செய்யாமல் விடுவது இரு கண்ணுக்கும் தனித்தனியே ஃபோகஸ் சரிசெய்வது. வலப்பக்க முகப்பை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகிலுள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். அந்த அளவை நினைவில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் சற்று நேரத்தில் தலைவலி வரும்.

கொசுவுக்கு வெளிர் நிற முழுக்கைச் சட்டை, பிகாரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து 20 சதவீதம் உள்ள பூச்சு. டீட் (DEET) என்ற கொசுவிரட்டியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அதைப் பூசிய கையோடு பைனாகுலரையோ மூக்குக்கண்ணாடியையோ தொடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். குரலை அடையாளம் காட்டும் மெர்லின் போன்ற ஆப்களைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதென்று அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்த இழப்பு சிறியதல்ல.

தளிர்நடை:

மிக்க நன்றி. இன்னொரு சிக்கல்: வெறுங்கண்ணுக்குத் தெரியும் பறவை, பைனாகுலரைத் தூக்கியதும் காணாமல் போகிறது.

சிறகோசை:

கண்ணைக் கீழே தாழ்த்துவதால் வருவது அது. பறவையின் மேலிருந்து பார்வையை எடுக்காமல், முகத்தையும் திருப்பாமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். முன்கூட்டியே பக்கத்தில் ஓர் அடையாளமும் பிடித்து வையுங்கள்: கவடு, பழுத்த இலை, வானம் தெரியும் இடுக்கு. அப்படியும் தவறினால் கண்ணில் வைத்தபடியே அங்குமிங்கும் துழாவாதீர்கள். இறக்கிவிட்டு, காற்றில்லாமலே ஆடும் இலையை வெறுங்கண்ணால் தேடிப் பிடித்து, மறுபடி தூக்குங்கள்.