ஃபயர்வால் ரூல் அக்செப்ட் சொல்லியும் பாக்கெட் காணாமல் போகிறது, எங்கே விழுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
டெபியன் 12 லினக்ஸ் சர்வர், வயர்கார்டும் (விபிஎன்) டாக்கரும் (கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) அதிலேயே ஓடுகின்றன. வயர்கார்டு வழியாக வரும் லேப்டாப் (10.8.0.5) உள்ளே இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மெஷினைத் (192.168.20.15, போர்ட் 5432) தொட வேண்டும். என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்) தனி டேபிள் போட்டு ஃபார்வர்டு செயினில் (சர்வரைக் கடந்துபோகும் பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) அக்செப்ட் எழுதிவிட்டேன், அந்த ரூலின் கவுன்ட்டரும் ஏறுகிறது, ஆனால் டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) பார்த்தால் டபிள்யூஜி0 (வயர்கார்டு இன்டர்ஃபேஸ்) பக்கம் இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் வருகிறது, ஈத்1 (உள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்) பக்கம் ஒன்றுமே வெளியே போகவில்லை. இரண்டு நாளாக ரூலுக்கு ரூல் லாக் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டது. பாக்கெட் போகும் பாதையை வரிசையாகக் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா?

பதில் 1:
லாக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ப்ரீரவுட்டிங் ஹூக்கில் (ரவுட்டிங் முடிவுக்கு முன்னால் கெர்னல் பாக்கெட்டை நிறுத்திப் பார்க்கும் இடம்) -301 பிரையாரிட்டியோடு (எண் சிறியதானால் முதலில் ஓடும்) தற்காலிகமாக ஒரு செயின் வைத்து, அதில் 10.8.0.5-இலிருந்து 5432-க்குப் போகும் பாக்கெட்டுக்கு மட்டும் 'மெட்டா என்எஃப்டிரேஸ் செட் 1' (இதைப் பின்தொடர் என்ற குறி) போடுங்கள். அப்புறம் இன்னொரு டெர்மினலில் 'என்எஃப்டி மானிட்டர் டிரேஸ்' ஓடட்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு டிரேஸ் ஐடி கிடைக்கும், அது பொருந்திய ரூலும் அதன் தீர்ப்பும் வரிவரியாக வரும். எல்லாப் பாக்கெட்டுக்கும் போட்டுவிடாதீர்கள், திரையைப் படிக்கவே முடியாது.

கேள்வி கேட்டவர்:
வந்துவிட்டது! என் டேபிளில் அக்செப்ட் என்று தெளிவாக இருக்கிறது, ஆனால் அதே ஐடியில் கீழே 'ஐபி ஃபில்டர் ஃபார்வர்டு', 'பாலிசி டிராப்' (எந்த ரூலும் முடிவு சொல்லாததால் விழுந்தது). அந்த டேபிளை நான் எழுதவே இல்லையே. ஒருமுறை அக்செப்ட் ஆன பாக்கெட் மறுபடி ஏன் இன்னொரு செயினுக்குப் போகிறது?

பதில் 2:
எல்லோரும் இடறும் இடம் இதுதான். என்எஃப்டேபிள்ஸில் அக்செப்ட் என்பது அந்த பேஸ் செயினை (ஹூக்கோடு நேரடியாக இணைந்த செயின்) மட்டும்தான் முடிக்கும், அதே ஹூக்கில் அடுத்து வரும் பேஸ் செயின்கள் அந்தப் பாக்கெட்டை மறுபடி பார்க்கும். டிராப் அப்படியில்லை, எங்கே விழுந்தாலும் அதோடு சரி. அதனால் உங்கள் டேபிளின் பிரையாரிட்டியை மாற்றிப் பயனில்லை. நீங்கள் எழுதாத அந்த டேபிள் டாக்கர் பயன்படுத்தும் ஐபிடேபிள்ஸுடையது (பழைய ஃபயர்வால் கட்டளை). ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு இன்டர்ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்துவது) டாக்கரே இயக்க நேர்ந்தால், ஃபார்வர்டு பாலிசியை டிராப் ஆக்கிவிடும், அது அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. நம் ரூல்களுக்கென டாக்கர் விட்டுவைத்திருக்கும் டாக்கர்-யூசர் செயினில் ஐபிடேபிள்ஸ் வழியாக டபிள்யூஜி0-விலிருந்து ஈத்1-க்கு அக்செப்ட் போடுங்கள், திரும்பி வரும் எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின்) பாக்கெட்டுக்கும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சின் போகும், பதில் வராது.

பதில் 3:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சில நேரம் டிரேஸில் ப்ரீரவுட்டிங் வரை வந்து, ஃபார்வர்டிலும் இன்புட்டிலும் ஒரு வரிகூட இருக்காது. அப்போது ரூலில் தேடாதீர்கள், நடுவில் ரவுட்டிங் இருக்கிறது, பெரும்பாலும் ஆர்பி ஃபில்டர்தான் (அனுப்பியவர் முகவரிக்குத் திரும்பும் வழி சரியா என்று பார்க்கும் கெர்னல் சோதனை) தூக்கி எறிந்திருக்கும். அப்படி எறிந்ததைப் பதிவு செய்யும் லாக் மார்ஷியன்ஸ் அமைப்பை 1 ஆக்கினால் டிமெஸ்கில் (கெர்னல் பதிவு) தெரிந்துவிடும். அதிலும் பிடிபடாவிட்டால் சிலியம் குழுவின் பிடபிள்யூஆர்யூ என்ற கருவி இருக்கிறது, ஈபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) வைத்து கெர்னலுக்குள் பாக்கெட் எந்தெந்த ஃபங்க்ஷனைத் தாண்டியது என்றே காட்டிவிடும்.