எண்ணெயில் நனைந்த இழை ஃபில்டர்: அழுத்த வீழ்ச்சிக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

வியாசர்பாடி பட்டறை:
எங்கள் லேத் பட்டறையில் கட்டிங் ஆயிலிலிருந்து எழும் நுண்திவலைகளைப் பிடிக்கக் கண்ணாடி இழை ஃபில்டர் வைத்திருக்கிறோம். அது உலர்ந்திருக்கும்போது டேவிஸ் சூத்திரமும் (இழையின் விட்டம், அடர்வு ஆகியவற்றைக் கொண்டு ஃபில்டரின் இரு பக்க அழுத்த வேறுபாட்டை, அதாவது அழுத்த வீழ்ச்சியைக் கணிப்பது) அதை அளக்கும் மானோமீட்டரும் ஒத்துப்போகின்றன. நனைந்த நிலைக்கு, தேங்கிய எண்ணெய் எல்லா இழைகளின் மீதும் சீராகப் படர்ந்து அவற்றைப் பருமனாக்குவதாகக் கொண்டேன். இழைகள் 5 சதவீத இடத்தையும், மீதி வெற்றிடத்தில் 10 சதவீதத்தை எண்ணெயும் அடைத்திருப்பதாக வைத்தால், இழையின் விட்டம் 1.7 மடங்காகவும் அழுத்த வீழ்ச்சி ஏறக்குறைய இரு மடங்காகவும் வருகிறது. மானோமீட்டரோ அதைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. எங்கே இடிக்கிறது?

மணலி பொறியாளர்:
பெருக்கல் சரிதான், எண்ணெய்தான் அப்படி நடந்துகொள்வதில்லை. இழையில் படரும் படலம் பரப்பு இழுவிசையால் மணிமணியாகப் பிரிந்து, இழைகள் குறுக்கிடும் இடங்களில் சேர்ந்து, உள்ளே கால்வாய்களாக ஓடுகிறது. எண்ணெய் நன்கு ஒட்டும் இழையானால், காற்று வெளியேறும் முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தேங்கும். அதைத் துளைத்துச் செல்லக் காற்று, பரப்பு இழுவிசையால் எண்ணெய் இழைகளின் இடுக்குகளில் பிடித்து நிற்கும் நுண்புழை அழுத்தத்தை வெல்ல வேண்டியிருப்பதால், அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் ஒரே படியாகக் குதிக்கிறது. (எண்ணெய் ஒட்டாத இழையில் இது காற்று நுழையும் முகத்தில் நிகழும்.) எண்ணெய்த் திவலை ஃபில்டர்களை ஆராய்ந்த காம்பா குழுவினர் 2014-இல் வெளியிட்ட மாதிரி, குதிப்பையும் கால்வாய்களின் பங்கையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது. ஃபேன் வேகத்தைக் குறைத்து, தேங்கிய எண்ணெய் இடம் மாறுவதற்குள் அளவெடுங்கள். கால்வாய்ப் பகுதியில் காற்றின் உராய்வு தரும் பங்கு வேகத்தோடு குறையும், குதிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

எண்ணூர்வாசி:
துகள் பிடிக்கும் திறனுக்கும் அந்தச் சீரான படலத்தைக் கொண்டுபோய்விடாதீர்கள். எண்ணெய் அடைத்த வழிகள் போக எஞ்சியவற்றில் காற்று விரைகிறது, 0.1 மைக்ரான் அளவிலான துகள்கள் பிரவுனியன் அசைவால் (காற்று மூலக்கூறுகள் மோதுவதால் வரும் தாறுமாறான அசைவு) விலகி இழையைத் தொடக் கிடைக்கும் நேரம் சுருங்கி, அவை தப்புகின்றன. சில மைக்ரான் அளவுள்ளவை அதே வேகத்தால் இழையில் இன்னும் நன்றாக மோதும். எடையை மட்டும் பார்த்தால் பெரிய திவலைகள் சிறியவற்றின் கசிவை மறைத்துவிடும் என்பதால், அளவுவாரியாக எண்ணிப் பார்ப்பதே முறை.

வியாசர்பாடி பட்டறை:
நன்றி ஐயா. ஃபில்டர் செங்குத்தாக நிற்கிறது. அடிப்பகுதி பிழியும் அளவுக்கு ஊறியிருக்க, மேல்பகுதி அவ்வளவாக நனைவதில்லை. கணக்கை உயரவாரியாகப் பிரிக்க வேண்டுமா?

மணலி பொறியாளர்:
அவசியம் பிரியுங்கள். அப்படிப் பிரித்த எல்லாப் பட்டைகளுக்கும் அழுத்த வேறுபாடு ஒன்றே. காற்று மட்டும் பங்கு மாறி மேலே கூடுதலாகப் போகும். பழைய ஃபில்டர் ஒன்றைக் கழற்றியதும் கிடையாக வைத்து, எண்ணெய் கீழே இறங்குமுன் பட்டைகளாக நறுக்கி, நனைந்த எடையையும் கழுவி உலர்த்திய எடையையும் எடுத்தால், ஒவ்வொரு பட்டையிலும் தேங்கிய எண்ணெயின் அளவு கிடைத்துவிடும்.