ஆய்வுக்கட்டுரையைக் காசில்லாமல் படிக்க வழி உண்டா?

வயல்காட்டான்: அம்மாவுக்குச் சர்க்கரை. வெந்தயம் பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது, சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்கு 39 டாலர் கேட்கிறான். ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் என்றார்களே, அதில் கிடைக்காதா?

மழைக்குருவி: அது அரசுக் கல்லூரி, ஆய்வு நிறுவனங்களுக்கு நண்பா, நமக்கு இல்லை. தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக்கட்டுரைகளை மட்டும் தேடும் கூகுள் பக்கம்) போட்டுத் தேடுங்கள், பல நேரம் இலவச பிடிஎஃப் மாட்டும். மருத்துவம் என்றால், முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளமும் இருக்கிறது.

பழைய ஆய்வாளன்: எழுதியவருக்கே மெயில் போடுங்கள். அந்த 39 டாலரில் அவருக்குச் சல்லிக்காசு போகாது, என்னிடம் யாராவது கேட்டால் சந்தோஷமாக அனுப்பிவிடுவேன். அப்புறம், ஒற்றைக் கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காக்ரேன் தளத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எளிய நடையில் சுருக்கம் போடுகிறார்கள்.

வயல்காட்டான்: மெயில் போட்டேன், மறுநாளே வந்துவிட்டது! பார்த்தால் ஆய்வில் மொத்தமே 20 சொச்சம் பேர்தான்.