பிசாரோவின் ‘உறைபனி’: உணர்வைத் தருவது ஒளியா, மனிதனா?

கிழக்குச்சன்னல்:
பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ 1873-இல் வரைந்த ‘உறைபனி’ ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனெரி என்ற ஊருக்குச் செல்லும் பழைய பாதை, உழுது கிடக்கும் வயல், விறகுச் சுமையோடு நடக்கும் ஒருவர் ஆகியவற்றைத் தவிர அதில் சொல்லும்படியாக எதுவுமில்லை. ஆயினும், பார்த்த மாத்திரத்தில் குளிர்காலக் காலையின் தனிமை நம்மைச் சூழ்ந்துகொள்ள ஒளியே காரணம் என்று உறுதியாகக் கருதுகிறேன். தாழ நிற்கும் சூரியன் மரங்களின் நிழலை வயலின் குறுக்கே படரவிடுகிறது; அந்நிழல்கள் கரிய நிறமாக இல்லாமல் நீலம் தோய்ந்து கிடப்பதால், வெயில் வந்த பின்னும் குளிர் விலகவில்லை என்பதைக் கண் உடனே உணர்ந்துவிடுகிறது.

கொழுமுனை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த மனிதரை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், தனிமை இருக்காது. நீங்கள் சொல்லும் உணர்வு அவருடைய முதுகுச் சுமையிலிருந்து பிறப்பது. நிழல்களைப் பொறுத்தவரை, கணநேர ஒளியையும் நிறத்தையும் தீட்டிய இம்ப்ரெஷனிச ஓவியர்கள் 1874-இல் நடத்திய முதல் கண்காட்சியில் இதைக் கண்ட விமர்சகர் காஸ்தஞாரி, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலைத் தரையில் தீட்டியது பெரும் பிழை என்றே எழுதினார். கண்ணில் படாத மரங்களைப் பார்வையாளரே ஊகித்துக்கொள்ள நேர்கிறது என்பது அவர் கூறிய குறை.

கிழக்குச்சன்னல்:
அவர் பிழையாகக் கண்டதையே நான் இந்த ஓவியத்தின் உயிராகக் காண்கிறேன். மரங்கள் படத்துக்குள் நின்றிருந்தால் நாம் ஒரு நிலக்காட்சியைத் தள்ளி நின்று பார்த்திருப்போம். அவை வெளியே நிற்பதால்தான், அதே நிழலில் நாமும் நிற்பதாகத் தோன்றுகிறது. அந்த மனிதர் இல்லாவிட்டாலும் இந்த உணர்வு குறையாது.

நீர்வண்ணன்:
வண்ணப்பூச்சின் தடிமனை இருவருமே கருதவில்லை. அதே கண்காட்சியைப் பற்றி ‘லெ ஷரிவாரி’ என்ற நையாண்டி இதழில் எழுதிய லூயி லெருவா, இந்த உழவுசால்களை அழுக்குத் துணியில் அப்பிய வண்ணத்தட்டுச் சுரண்டல்கள் என்று எள்ளினார். கேலியாகச் சொன்னாலும், அந்தச் சொரசொரப்பை அவர் கண் சரியாகவே கண்டிருக்கிறது.

கொழுமுனை:
நீர்வண்ணன் சொல்வதை ஏற்கிறேன். அது என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. பிசாரோ 1872 முதல் எனெரிக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் என்ற ஊரில் தங்கி, அச்சுற்றுவட்டாரத்து மண்ணை அருகிலிருந்து பார்த்தவர். அதனால்தான் சால்களை மழமழப்பாக்காமல், பனி இறுகிய மண்ணின் கரடுமுரடோடு விட்டிருக்கிறார். வெளியே நிற்கும் மரங்கள் நம்மை உள்ளே இழுக்கின்றன என்பதை மறுக்கவில்லை. உள்ளே போனதும் என் கண் நிழலில் தங்குவதில்லை; இந்த இறுகிய மண்ணில் இன்னும் எவ்வளவு தொலைவு அவர் அந்தச் சுமையோடு நடக்க வேண்டுமோ என்று பாதையைத்தான் அளக்கிறது.