‘மூர்’ நிலத்துக்குத் தமிழில் என்ன சொல்?

மூன்று வாரமாக ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதும் கதை 1879இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மூரில் நடக்கிறது. அப்பாவும் அண்ணனும் அடித்து வேலை வாங்கிய பெண், வெளியேறித் தனியாக ஆடு வளர்த்துத் தலைநிமிர்கிறாள். (கல்யாணம் செய்தால் ஆடுகள் கணவனுடையதாகிவிடும், சட்டம் மாறியது 1882இல்தான். அதனால் அதற்கும் மறுக்கிறாள்!)

நிலம் இப்படி: மரமில்லாத மேடு, ஓயாத காற்று, காலடியில் ஈரக் கருமண், ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் புதர்.

‘தரிசு’ போட்டேன், வறட்சி வந்துவிட்டது. ‘சதுப்பு’ என்றால் பிச்சாவரம் ஞாபகம் வருகிறது. ‘முல்லை’ அழகுதான், ஆனால் காடாகிவிடுகிறது. சரி, ‘மூர்’ என்றே விட்டேன், கதையைப் படித்த தங்கை, “மூர் மார்க்கெட்டா?” என்கிறாள்.

நீங்களாக இருந்தால் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?