ஸ்ட்ரீமிங்: ஓடையாக்கமா, பாய்ச்சலா?

வணக்கம் அண்ணா,

வீட்டுக் கணினியில் இருக்கும் வீடியோவை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளைத் தமிழாக்குவது பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள்:

> ஜெல்லிஃபின் இடைமுகத்தில் ஸ்ட்ரீமிங் வருகிற இடமெல்லாம் ‘ஓடையாக்கம்’ என்றே போட்டுவிடலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓடை தன்பாட்டில் ஓடும். இங்கே டிவி கேட்கிறது, வழங்கி (வீடியோ இருக்கும் கணினி) அனுப்புகிறது. பொத்தானுக்கு வினைச்சொல்லும் வேண்டும். ‘ஓடையாக்கு’ என்று யார் சொல்வார்கள்?

‘பாய்ச்சு’ என்று வைப்போம். தண்ணீரை வேண்டிய பாத்திக்குத் திருப்பிவிடுகிற சொல் அது. டிவிக்குப் பாய்ச்சு, பாய்ச்சுகிறது, பாய்ச்சல் நின்றது என்று எல்லா வடிவமும் சிரமமில்லாமல் வருகிறது. புலிப்பாய்ச்சல் நினைவுக்கு வருமே என்பீர்கள். நீர்ப்பாய்ச்சலும் அதே சொல்தானே.

இது எனக்குத் தோன்றியதே எங்கள் பீலியால்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், மலை ஊற்றிலிருந்து குழாய்வழி லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து விழும் தண்ணீரைப் பீலி என்போம். பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போட்டு, தங்கச்சியின் கல்யாண வீடியோவை அம்மாவின் போனில் ஓடவிட்டேன். “டவுன்லோட் பண்ணிட்டியா? போன் நிறைஞ்சிராதா?” என்று பதறினார். “இல்லம்மா, பீலியில கைய ஏந்திக் குடிக்கிற மாதிரி. குடத்துல பிடிச்சு வைக்கல” என்றேன். அதன்பிறகு கேள்வியே இல்லை. அன்று மழையில் இணையம் போயும் வீடியோ நிற்கவில்லை. லேப்டாப்பும் போனும் வீட்டு ரவுட்டர் வழியாகத்தானே பேசிக்கொள்கின்றன. “பீலி நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு” என்றார் அம்மா.

பீலியையே கலைச்சொல்லாக்க ஆசைதான். ஆனால் மற்ற ஊர்களில் மயிற்பீலி என்றே எடுப்பார்கள். உதவிக் குறிப்பில் உவமையாகவாவது அது இருக்க வேண்டும், இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீடியோவை ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற டிரான்ஸ்கோடிங்குக்கு ‘உருமாற்றம்’ வேண்டாம், ‘குறிமாற்றம்’ போதும். அதே கல்யாண வீடியோ எச்.265 என்ற குறிமுறையில் இருந்தது. அம்மாவின் போன் அப்படியே வாங்கிக்கொண்டது. எங்கள் டிவிக்கு அது தெரியாது, எச்.264 ஆக்கி அனுப்புவதற்குள் லேப்டாப் விசிறி இரைந்து, அடியில் கைவைக்க முடியாத சூடு. மாறியது குறிமுறை மட்டும்தான், காட்சி அதேதான்.

2018இல் எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடப்போய்ப் பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். மொழிபெயர்ப்பும் வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நாம் போடுகிற சொல்லைத்தான் நாளைக்கு ஒரு பிள்ளை டிவியில் படிக்கும். அதனால்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

நீங்கள் சரி என்றால் இன்றிரவே ‘பாய்ச்சு’ என்று பரிந்துரைத்து விடுகிறேன்.