கிட் கிடார்: ஓட்டை போடாத நெக்கை நேராகப் பொருத்துவது எப்படி?

கேள்வி
ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ மின் கிடார் கிட், அதாவது பாகங்களாக வரும், நாமே பூட்ட வேண்டும். பாடியில் நெக்குக்கான (கழுத்து) நான்கு ஓட்டைகளும், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் ஓட்டைகளும் போட்டே வந்திருக்கின்றன. நெக்கில் மட்டும் எதுவும் இல்லை. பாடியில் நெக் உட்காரும் குழிக்குள் வைத்தால் பக்கவாட்டில் ஒரு மி.மீ. ஆடுகிறது. அப்படியே முடுக்கினால் மெல்லிய இ தந்தி கடைசி ஃபிரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) விளிம்பை விட்டு நழுவுமோ என்று பயம். எங்கே, எந்த பிட்டால், எவ்வளவு ஆழம் துளைக்க வேண்டும்?

பதில் 1
முதலில் நீள அளவைப் பாருங்கள். ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்) 25.5 அங்குலம் என்றால் 648 மி.மீ. நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை) 12-ஆம் ஃபிரெட் உச்சி வரை 324, அங்கிருந்து மெல்லிய இ-யின் சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் நகரும் துண்டு) வரை இன்னொரு 324. அந்த இடத்தில் நின்றபின்னும் சேடில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர இடம் இருக்க வேண்டும். தடித்த இ-யின் சேடில் அதைவிட 3 மி.மீ. அளவுக்குப் பின்னால் போகும். அளவு கூடுதலாக வந்தால், பெரும்பாலும் குழியின் மூலையில் திரண்டிருக்கும் பெயின்ட்தான் காரணம். நெக் கடைசி வரை உட்காரவில்லை. உளியால் சுரண்டி எடுங்கள். தரையைத் தேய்ப்பதானால் தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் ஓரம் சரிந்து நெக் ஊசலாடும்.

பக்கத்தில் ஒரு மி.மீ. இடைவெளி குற்றமே இல்லை. நெக்கைப் பிடிப்பது குழியின் தரை, சுவர் அல்ல. கிளாம்ப்பை லேசாகப் போட்டு, இரண்டு ஓர சேடில்களிலிருந்து நட்டின் ஓரப் பள்ளங்களுக்குத் தையல் நூலை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட்டில் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக வரும்வரை நெக்கை அசையுங்கள். சரியானதும் கிளாம்ப்பை இறுக்கி, பாடி ஓட்டைக்குச் சரியாக நுழையும், நடுவில் கூர்முனை உள்ள பிட்டைப் பின்பக்கமிருந்து கையால் இரண்டு சுற்று திருப்புங்கள். நெக்கில் நடுப்புள்ளி விழும். சின்ன பிட்டை அந்த ஓட்டை வழியே விட்டுத் துளைக்காதீர்கள், கோணிப் போகும்.

பதில் 2
மேலே சொன்னது சரி. துளைக்கும் அளவு: வழக்கமான ஸ்க்ரூ 4.2 மி.மீ. தடிமன், 45 மி.மீ. நீளம். மேப்பிளுக்கு 3.2 மி.மீ. பிட். சந்தேகம் இருந்தால் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: ஸ்க்ரூவின் தண்டு மறைந்து, மரை மட்டும் இருபுறமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆழத்தை உங்கள் கிட்டில் அளந்தே முடிவு செய்யுங்கள். 45 மி.மீ. பாடியில் 16 மி.மீ. குழி போனால் மிச்சம் 29, பின்தகடு 2. ஆக, நெக்குக்குள் போவது 14. துளை 16 போதும். நெக்கின் அடிப்பகுதி மொத்தமே 25 மி.மீ. சொச்சம்தான். ஆழ அடையாளமாகப் பிட்டில் டேப் சுற்றாமல் துளைத்தால் ஃபிரெட் போர்டைக் கிழித்துக்கொண்டு வரும்.

பலர் கவனிக்காத இடம் பாடி ஓட்டை. ஸ்க்ரூ அதில் விரலால் தள்ளினாலே போக வேண்டும். மரை பாடியைக் கடித்தால் எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் மயிரிழை இடைவெளி நிற்கும். அப்படியிருந்தால் 4.5 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு ஈரம் இழுத்துத் துருவேற்றும். மின் டிரில்லால் முடுக்க வேண்டாம், தலை முறிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
நெக் நேராக உட்கார்ந்துவிட்டது, நன்றி. ஆனால் சேடில்களை அடிவரை இறக்கியும் 12-ஆம் ஃபிரெட்டில் தந்தி 3 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. குழியைத் தோண்டலாமா?

பதில் 3
தோண்டவே வேண்டாம், குழியைத் தோண்டினால் இன்னும் மோசமாகும். முதலில் தந்தியை 1-ஆம் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தி, 7-ஆம் ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் கம்பி) முடுக்குங்கள்.

அது சரியென்றால் குழியின் உட்கோடியில், பிரிட்ஜ் பக்கம், 0.5 மி.மீ. ஆப்பு வையுங்கள். 75 மி.மீ. நீளக் குழியில் அந்த அரை மி.மீ. சாய்வு, சேடில் இருக்கும் இடத்தில் ஒன்றரை மி.மீ. அளவுக்குத் தெரியும். அட்டைத் துண்டும் வேலை செய்யும், ஆனால் நடுவில் வெற்றிடம் விடும். நாளடைவில் கடைசி ஃபிரெட்டுகள் மேலே தூக்கலாம். குழி முழுவதையும் மூடும்படி ஒரு முனையில் 0.5, மறுமுனையில் பூஜ்யமாகச் சீவிய மரத்தகடுதான் என் தேர்வு. பசை வேண்டாம்.

கடைசியில் தந்திகளைச் சுருதி சேர்த்தபின் நான்கு ஸ்க்ரூவையும் கால் சுற்று தளர்த்துங்கள். இழுவையில் நெக் குழியின் கோடிக்குப் போய் ஒட்டும். சில சமயம் "டக்" என்று கேட்கும். பிறகு குறுக்கு வரிசையில் கையால் முடுக்கி, மறுபடி சுருதி சேருங்கள்.